வெடித்ததா, வெடித்தாளா? - 'மனித வெடிகுண்டு' என்ற சொல்லை முன்வைத்து

1

சில மாதங்களுக்கு முன்பு இளம் தோழர் ஒருவர் என்னைப் பார்க்கப் பிள்ளைச்சாவடிக்கு வந்திருந்தார். ஈழப்போர் குறித்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறார். ஓரிடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "எல்லா எடத்துலயும் 'சூசைட் பாம்பர்'னு எழுதிட்டு வர்றாரு தோழர். இங்க மட்டும் 'ஹ்யூமன் பாம்'னு போடுறாரு. இப்படி ஒரு வார்த்தைய வெளிநாட்டுப் பத்திரிகையில நான் பாத்ததே இல்ல" என்றார். "இதுல யோசிக்க என்ன இருக்கு, மனித வெடிகுண்டுன்னு போடுங்க" என்றேன். எழுதிக்கொண்டார். டீ குடித்தோம். கடல் தின்றது போக மிச்சமிருக்கும் கரையில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. அந்தப் பதில் எப்படி அவ்வளவு வேகமாக என் வாயில் வந்தது? 'டிஸ்கோர்ஸ்' என்பதைச் சொல்லாடல் என்பதா உரையாடல் என்பதா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர்கள் நாம். செத்தவர்களையும் சாகடித்தவர்களையும் பற்றிய இந்தச் சொல்லை மட்டும் சண்டை சச்சரவு ஏதுமில்லாமல் போலீசிடமிருந்தும் பத்திரிகைகளிடமிருந்தும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். தாமதமாகவாவது அந்தச் சண்டையைத் தொடங்கிவைக்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தோழர் கவனித்தது சரிதான். உலக ஆங்கிலத்தில் 'ஹ்யூமன் பாம்' புழக்கம் குறைந்த சொல். அங்கே 'சூசைட் பாம்பர்'தான் நிலைத்திருக்கிறது. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளில்தான் இது அன்றாடச் சொல்லாக ஊறியது. அதைத் தமிழ்த் தினசரிகள் அப்படியே பெயர்த்துக்கொண்டன. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எழுதப்படிக்கத் தெரியாத கிழவிக்கும் இந்தச் சொல் தெரியும். அந்தப் புலனாய்வில் பெரும்பங்கு வகித்த தடயவியல் அறிஞர் பி. சந்திரசேகரன் பின்னாளில் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பே 'முதல் மனித வெடிகுண்டு' என்றுதான் தொடங்குகிறது.

2

முதலில் இலக்கணம். 'சூசைட் பாம்பர்' என்பதில் வெடிக்கச் செய்கிற ஒரு ஆள் இருக்கிறார். தன்னையும் கொன்றுகொள்கிறார், பிறரையும் கொல்கிறார். எப்படியானாலும் ஒரு செயலுக்கு எழுவாயாக நிற்கிறார். 'ஹ்யூமன் பாம்' என்பதில் ஆள் இல்லை. குண்டுதான் பெயர். மனிதர் அந்தக் குண்டுக்கு அடைமொழி. நாட்டு வெடிகுண்டு, பெட்ரோல் குண்டு, பைப் வெடிகுண்டு என்பதைப் போல மனித வெடிகுண்டு. எந்தச் சரக்கால் செய்தது என்று சொல்கிற இடத்தில் மனிதர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

தமிழில் இது இன்னும் ஆழமாகப் பாய்கிறது. நம் மொழியில் வினைமுற்று தன் எழுவாயின் திணையைச் சொல்லாமல் முடியாது. 'மனித வெடிகுண்டு வெடித்தது' என்றுதான் எழுத முடியும். 'வெடித்தாள்' என்று எழுதினால் பிழை. மக்களாகச் சுட்டப்படுபவர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று வகுக்கிறது தொல்காப்பியம். நன்னூல் அதோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. நரகரைக் கவனியுங்கள். எந்தப் பாவத்தைச் செய்து நரகத்தில் கிடந்தாலும் பவணந்தி முனிவரின் கணக்கில் அவர்கள் 'அது' ஆவதில்லை. பவணந்தி நரகருக்குக் கொடுத்த இடத்தை நம் தினசரிகள் தணுவுக்குக் கொடுக்கவில்லை.

பண்டித நண்பர்கள் இங்கே மறிப்பார்கள் என்று தெரியும். மகிழ்ச்சியிலோ கோபத்திலோ இழிவுபடுத்தும்போதோ திணை மாறலாம், அது வழுவமைதி என்பார்கள். உண்மைதான். "அந்த நாயி வந்துச்சா?" என்று ஒருவனைத் திட்டுகிறோம். ஆனால் திட்டுகிறவரின் கோபம் எல்லோருக்கும் கேட்கிறது. திட்டப்பட்டவன் மனிதன் என்பதும் தெரிகிறது. 'மனித வெடிகுண்டு' கோபத்தில் வந்த சொல் அல்லவே. குண்டின் எடை, பால்ரஸ் எண்ணிக்கை, பெல்ட்டின் அகலம் என்று தொழில்நுட்ப அறிக்கையின் நிதானத்தோடு அது பேசுகிறது. உணர்ச்சியே இல்லாமல் ஒரு ஆளை அஃறிணையாக்குவதற்கு எந்த வழுவமைதியில் இடம் உண்டு?

மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட், 'நான்', 'நீ' இரண்டுமே ஆட்களைக் குறிப்பவை, படர்க்கை என்பது 'ஆள் அல்லாதது' என்றார். பேச்சுக்குள் வராதவர், நம் பேச்சுக்குப் பொருளாகிறவர், அவ்வளவுதான். தமிழ் அந்தப் படர்க்கையையும் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது. யாரை 'அவர்' பக்கம் வைப்பது, யாரை 'அது' பக்கம் தள்ளுவது என்பதில்தான் நம் அதிகாரம் முழுக்க வேலை செய்கிறது. எங்க ஊர்ப் பக்கம் பெண்டாட்டியை "அது கடைக்குப் போயிருக்குது" என்பார்கள். சேரிக்காரரைப் பற்றி ஊர்க்காரர் பேசும்போது வருகிற "அதுங்க" நமக்குத் தெரியாததா? 'மனித வெடிகுண்டு'க்கு இந்த மொழியில் ஏற்கெனவே பாதை போடப்பட்டிருந்தது.

3

இது இலக்கண விளையாட்டு இல்லை என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்க ஊரின் அமைப்பு தெரியாதவர்களுக்கு: பிள்ளைச்சாவடி புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரத்துக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். நடுவில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன துண்டு துண்டான எல்லை. 1991 ஜூனில் இந்த வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பது தினசரி நடந்தது. கடற்கரை ஊர்க்காரன் என்றாலே படகு, படகு என்றாலே அக்கரை என்று கணக்கு.

ஒரு சாயங்காலம் நானும் என் சித்தப்பாவும் டவுனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் கடலுக்குப் போகிறவர். வலைக்கு ஈயக் குண்டு வாங்கி மஞ்சள் பையில் வைத்திருந்தார், கூடவே டார்ச்சுக்கு நாலு பேட்டரிக் கட்டை. பஸ் நின்றது. சோதனைக்கு ஏறியவர் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார். கனமாக இருந்தது.

"பையில இன்னாடா?"

"குண்டு சார்..."

'வலைக்கு' என்ற அடுத்த சொல் வெளியே வருவதற்குள் அடி விழுந்துவிட்டது. பஸ் முழுக்கச் சத்தம் அடங்கிப் போனது. பையைக் கொட்டினார்கள். ஈயக் குண்டுகள் சீட்டுக்கடியில் உருண்டோடின. பேட்டரிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் விசாரித்தார்கள். பிறகு போகச் சொன்னார்கள். சித்தப்பாவுக்கு அதன்பின் இடது காதில் சரியாகக் கேட்கவில்லை. சாகும்வரைக்கும் அவர் குண்டை 'குண்டு' என்று சொன்னதில்லை. "வலைக்கு வெயிட்டு" என்பார்.

குண்டு என்பது எங்களுக்கு உருண்டையான எதுவும். குண்டுமல்லி, குண்டுமணி, குண்டு பல்பு, குண்டுப் பையன். அந்த வாரங்களில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பறிமுதல் செய்துவிட்டார்கள். மனிதர் வெடிகுண்டாக இருக்க முடியும் என்று மொழி ஒப்புக்கொண்டுவிட்டால், எந்த மனிதரும் வெடிகுண்டாக இருக்க முடியும் என்பது அடுத்த படி. குண்டைத் தேடும்போது பையைச் சோதிப்பார்கள். மனிதரே குண்டு என்றால் மனிதரையே பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். ஈழ அகதிகள் முகாம்களில் அந்த ஆண்டு தொடங்கிய கெடுபிடியை இந்தக் கோணத்திலும் வாசிக்கலாம். 'சாவடி' என்றால் வழிப்போக்கர் தங்கிப்போகிற இடம். எங்க ஊர்ப்பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோட்டில் அது சோதனைச் சாவடியாகிவிட்டது.

4

இந்தச் சொல்லுக்கு நமக்கு முந்திய சரித்திரமும் உண்டு. 1932 பிப்ரவரியில் ஷாங்காய்ப் போரில் மூன்று ஜப்பானியச் சிப்பாய்கள் வெடிமருந்துக் குழலைச் சுமந்துகொண்டு சீனப் படையின் முள்வேலியில் மோதி அதனோடு சேர்ந்து சிதறினார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் இவர்களைத் தெய்வமாக்கின. பாட்டுப்போட்டி வைத்தன. நாடகம், சினிமா எல்லாம் வந்தது. ஆங்கிலத்தில் இவர்கள் 'மூன்று மனித வெடிகுண்டுகள்' ஆனார்கள். திரி குட்டையாகிப் போனதால் நேர்ந்த சாவு அது, சாகவேண்டும் என்று போனவர்கள் அல்ல என்ற பேச்சும் பின்னால் கிளம்பியது. அவர்களில் தீண்டத்தகாத புராக்குமின் சமூகத்தவர் உண்டு என்ற பேச்சு அப்போதே இருந்தது. கண்ணெதிரில் தொட மறுத்த உடம்பைச் செத்தபிறகு குண்டாக வணங்க ஒரு தேசத்தால் முடிந்தது. இந்த முடிச்சுக்குப் பின்னால் திரும்பி வருகிறேன், அது நம் வீட்டு விசயமும்தான்.

இன்னொரு கதை பிரான்சிலிருந்து. எங்க தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பாரீசுப் பக்கத்துச் செய்தியெல்லாம் அவர் வழியாகத்தான் எனக்கு வரும். 1993 மே மாதம் நேய்யி என்ற ஊரில் ஒருவன் இடுப்பில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு மழலையர் பள்ளிக்குள் நுழைந்து 21 குழந்தைகளைப் பிணையாக வைத்தான். பேச்சுவார்த்தைக்குப் போனவர்களில் ஒருவர் அப்போது அந்த ஊர் மேயராக இருந்த, பிற்பாடு ஜனாதிபதியான சார்க்கோசி. அந்த ஆள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஹ்யூமன் பாம்', சுருக்கமாக 'எச்.பி.' பிரெஞ்சுக்காரன், பிரான்சில், ஆங்கிலத்தில். அவன் குண்டு வெடிக்கவேயில்லை. யாரையும் கொல்லவும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. சுட்டது அவசியமா என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. தாத்தா ஒரே வரியில் சொன்னார்: "குண்டுன்னு அவனே சொல்லிக்கினான். குண்ட செயலிழக்க வெச்சிட்டாங்க, அவ்ளோதான்." அவர் பட்டாளத்தில் இருந்தவர், இந்தத் தர்க்கம் அவருக்கு உடனே புரிந்தது. குண்டை யாரும் கைதுசெய்வதில்லை.

5

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். குண்டு என்றால் அதற்குப் பாகங்கள் இருக்கும். யார் செய்தது, எங்கே செய்தது, பேட்டரி யார் வாங்கியது, யார் கொண்டுவந்து வைத்தது? வழக்கே இந்த வாக்கியத்தில்தான் நடந்தது. தணு செத்துப் போனார். சிவராசனும் மற்றவர்களும் 1991 ஆகஸ்டில் பெங்களூர் அருகே செத்துப் போனார்கள். மிஞ்சியவர்கள் பாகங்களானார்கள்.

பேரறிவாளன் கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மொத்தமாகத் தூக்கு விதித்தது. அறையிலிருந்த ஒவ்வொரு பொருளையும் குண்டின் பாகமாகக் கணக்கெடுப்பதைப் போன்ற தீர்ப்பு. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நான்கு பேருக்குத் தூக்கையும் மூவருக்கு ஆயுளையும் வைத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பில் நம் கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புள்ள விசயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கொலை தடா சட்டத்தின்படி 'பயங்கரவாதச் செயல்' ஆகாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் தடா சட்டத்தின்கீழ் போலீஸ் அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலங்கள் செல்லும் என்றார்கள். சாதாரண வழக்கில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. 'பயங்கரவாதம்' என்ற சொல் இருந்ததால்தான் அது ஆனது. சொல் விலக்கிக்கொள்ளப்பட்டது, சொல்லால் வந்த வாக்குமூலம் மட்டும் தூக்குக் கயிறாய் மிஞ்சியது.

2013இல், அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த ஓய்வுபெற்ற அதிகாரியே வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார். 'தெரியாது' என்பது மனிதர் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம். குண்டின் பாகத்துக்கு அறிதல் ஏது, அறியாமை ஏது? அதனால் அது விடுபட்டது. 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மற்ற ஆறு பேரையும். ஒரு 'தெரியாது' உள்ளே ஏற 31 ஆண்டு ஆகியிருக்கிறது.

6

இதுவரை படித்த தோழர்கள் சிலர் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அரசும் ஊடகமும் மனிதரைக் குண்டாக்கின, நாம் ஒப்புக்கொள்கிறோம் என்று. இனிச் சொல்லப்போவதற்கு அவர்கள் தலையாட்டுவார்களா என்று தெரியவில்லை.

விடுதலைப் புலிகள் 'தற்கொலை' என்ற சொல்லை மறுத்தார்கள். 'தற்கொடை' என்றார்கள். ஓர் எழுத்து மாற்றத்தில் கொலை கொடையாகிறது. நெல்லியடியில் 1987 ஜூலை 5 அன்று மில்லர் வெடிமருந்து லாரியோடு இலங்கை இராணுவ முகாமுக்குள் போன நாளைக் கரும்புலிகள் நாளாக்கினார்கள். செத்த உடம்பு 'வித்துடல்'. கரும்புலிக்கு இன்னொரு பெயர் 'உயிராயுதம்'. இந்தக் கடைசிச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உயிர் அடைமொழி, ஆயுதம் பெயர். உயிராயுதம் பாய்ந்தது என்றுதான் எழுத முடியும். ஒன்றையொன்று அழிக்க நின்ற இரண்டு தரப்பும் ஒரே இலக்கணத்தில் சொல் செய்திருக்கின்றன. ஒருவர் இழிவாகச் சொன்னதை மற்றவர் பெருமையாகச் சொன்னார். வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றுதான்.

'தற்கொடை'யில் 'தன்' மட்டுமே இருக்கிறது. எதிரே நின்றவர் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களில் காவல்துறையினர் பலர் இருந்தார்கள். அவருக்குக் கவிதை படிக்க வந்த சிறுமி ஒருத்தியும் இருந்தாள். 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வம் ஒரு தமிழர், அரசியல் தீர்வுக்கான வரைவுகளில் உழைத்தவர். இவர்களுடைய சாவை எந்தக் கொடையில் சேர்ப்பது? தன்னைக் கொடுத்தது கணக்கில் வருகிறது, பிறரை எடுத்தது வருவதில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. 2002 ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் பேச்சாளர் 'சூசைட் பாம்பர்' என்பதை விட்டு 'ஹோமிசைட் பாம்பர்' என்று பேச ஆரம்பித்தார். தற்கொலை என்று சொன்னால் செத்தவன்மேல் அனுதாபம் வந்துவிடுமாம், 'கொலைக் குண்டுக்காரன்' என்று சொல்லவேண்டுமாம். ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது. குண்டு வைத்துக் கொல்கிற எல்லோரும் கொலைக் குண்டுக்காரர்கள்தான். இவர் தானும் செத்தார் என்ற தகவலே சொல்லிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

ஆக, மூன்று சொற்கள், மூன்று அழிப்புகள். 'தற்கொடை' கொல்லப்பட்டவர்களை அழிக்கிறது. 'ஹோமிசைட் பாம்பர்' கொன்றவரின் சாவை அழிக்கிறது. 'மனித வெடிகுண்டு' ஆளையே அழிக்கிறது. ஆளை அழித்தால் அவருடைய நியாயம் மட்டுமா போகிறது, அவருடைய குற்றமும் சேர்ந்து போகிறது. குண்டுக்குக் குற்றவுணர்வு கிடையாது, குண்டைப் பார்த்து 'ஏன் செய்தாய்?' என்று கேட்கவும் முடியாது. இந்திய அமைதிப்படை 1987 முதல் 1990 வரை அங்கே என்ன செய்தது என்று கேட்பதையும், இயக்கம் ஒரு இளம்பெண்ணை என்ன சொல்லித் தயாரித்தது என்று கேட்பதையும் இந்தச் சொல் ஒரேயடியாக மூடிவைத்தது.

7

பெண் என்பது இங்கே தனியாகப் பேசவேண்டியது. தணு அமைதிப்படையால் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டவர், அதற்குப் பழிவாங்கினார் என்ற கதை பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அமைதிப்படையின் பாலியல் வன்முறை உண்மை. முறிந்த பனையை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம போன்றவர்கள் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் அரசியல் கொலை செய்தால் அதற்குக் காரணத்தை அவள் உடம்புக்குள்தான் தேடவேண்டும் என்கிற பிடிவாதத்தைக் கேள்வி கேட்காமல் விடமுடியாது. மில்லருக்கு யாரும் அப்படித் தேடவில்லை.

காயத்ரி ஸ்பீவக் தன் புகழ்பெற்ற 'அடித்தள மக்கள் பேச முடியுமா?' கட்டுரையின் முடிவில் புவனேஸ்வரி பாதுரியைப் பற்றிச் சொல்வது நினைவுக்கு வருகிறது. 1926இல் கல்கத்தாவில் தூக்குப்போட்டுக்கொண்ட இளம்பெண். தலைமறைவு இயக்கம் ஒன்று ஒப்படைத்த அரசியல் கொலையைச் செய்யமுடியாமல் செத்தவர். கள்ளக்கர்ப்பம் என்று தன் சாவை வாசித்துவிடுவார்கள் என்பதால் மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து செத்தார். அப்படியும் குடும்பத்தார் காதல் விவகாரம் என்றே வாசித்தார்கள். சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' (1998) மல்லிக்கு ஒரு கர்ப்பத்தைக் கொடுத்தது. அவள் பொத்தானை அழுத்துவாளா மாட்டாளா என்பதைத் தாய்மை முடிவுசெய்யவேண்டும் என்று அந்தப் படமும் நினைத்தது. பழிவாங்கும் உடம்பு, தாயாகும் உடம்பு, வெடிக்கும் உடம்பு. யோசிக்கும் பெண்ணுக்கு இதில் எங்கே இடம்?

8

இப்போது என் கணக்கு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, ஒரு தலித்தின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் பஸ்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் நானும் மேடையில் பேசினேன், எழுதினேன். 1799இல் தன் காதலி வடிவோடு வெள்ளைக்காரரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்த சுந்தரலிங்கம்தான் 'முதல் மனித வெடிகுண்டு' என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன். கைதட்டினார்கள். பின்னர் வேறு மேடைகளில், 1780 வாக்கில் உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலிதான் முதல் என்றார்கள். வேலு நாச்சியாரின் படையில் இருந்த குயிலியின் கதை வாய்மொழி மரபில் வாழ்வது. அந்த மேடைகளிலும் கைதட்டினார்கள்.

இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் வரலாற்றில் இடம் கேட்டோம், அது நியாயமான கோரிக்கை. ஆனால் எந்தப் பெயரில் கேட்டோம்? மறவர், கள்ளர், நாயக்கர் வம்சத்து வீரர்கள் ஆண்டார்கள், போர்புரிந்தார்கள், தூதனுப்பினார்கள், ஏமாந்தார்கள், தோற்றார்கள். வினைமுற்றுகளைப் பாருங்கள், அத்தனையும் உயர்திணைப் பன்மை. எங்கள் ஆட்களுக்கு மட்டும் வெடிப்பது ஒன்றுதான் வேலை. சுந்தரலிங்கம் என்ன யோசித்தார், குயிலி எதற்காக நாச்சியாரின் படையில் சேர்ந்தார், அவர்களுக்கு இடையே என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஷாங்காயில் சிதறிய சிப்பாய்களைத் தெய்வமாக்கிய ஜப்பானியத் தேசியத்தின் வேலையை, தலித் விடுதலையின் பெயரால் நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். சாதி எங்களை 'அதுங்க' என்றது. நானே என் வாயால், பெருமையோடு, எங்கள் வீரனை 'அது' என்று சொல்லியிருக்கிறேன்.

9

அப்படியானால் என்ன எழுதுவது என்று மொழிபெயர்க்கும் தோழர் கேட்பார். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே 'தற்கொலைக் குண்டுதாரி' என்று எழுதுகிறார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் நாளில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டபோதும் அந்தச் சொல்தான் வந்தது. ஆயுததாரி, வேடதாரி என்பதைப் போல. தாரி என்றால் தரித்தவர். குண்டு வேறு, அதைத் தரித்தவர் வேறு. 'குண்டுதாரி வெடிக்கச் செய்தார்' என்று எழுதலாம், இலக்கணம் தடுக்காது. முப்பது வருடம் அந்தக் குண்டுகளுக்கு நடுவில் வாழ்ந்த சனங்களின் தமிழில் ஆள் மிஞ்சியிருக்கிறார். ஒரே ஒரு இரவில் அதைப் பார்த்த நம் தமிழில்தான் ஆள் காணாமல் போயிருக்கிறார். இதற்குக் காரணம் என்ன என்று ஈழத்து நண்பர்கள் யாராவது எழுதினால் நல்லது.

குண்டுதாரியும் முழுமையான சொல் இல்லை. 'தற்கொலை' என்ற முன்னொட்டு கொல்லப்பட்டவர்களை இன்னும் வெளியேதான் நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரே சொல்லில் எல்லாம் அடங்கவேண்டும் என்ற ஆசையே பத்திரிகைத் தலைப்பின் ஆசைதான். நமக்குத் தலைப்பு நெருக்கடி கிடையாது, வாக்கியமாகவே எழுதலாம்: 'தணு என்ற இளம்பெண் உடம்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்து ராஜீவ் காந்தியையும் சுற்றி நின்றவர்களையும் கொன்றார், தானும் செத்தார்.' நீளம்தான். ஆனால் இதில் கொன்றவர் இருக்கிறார், செத்தவர்கள் இருக்கிறார்கள், அவரை நோக்கி 'ஏன்?' என்று கேட்க இடம் இருக்கிறது. அவரை அனுப்பியவர்களை நோக்கியும் கேட்கலாம்.

'கொன்றார்' என்று மரியாதை எதற்கு என்று சிலருக்குக் கோபம் வரும். 'கொன்றாள்' என்றே எழுதுங்கள், அந்தச் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். 'வெடித்தது' என்று மட்டும் எழுதாதீர்கள்.

தோழருக்குப் போன வாரம் போன் செய்து அந்த இடத்தைத் திருத்தச் சொன்னேன். "அச்சுக்குப் போயிடுச்சே தோழர்" என்றார்.